சாமி மேல் போட்ட பழி

ஜூன் 8, சனி

இந்த டைரியை டான்ஸ் வகுப்பு நடத்துகிற ஜெசிந்தா மேடம் கொடுத்தார். ஏதோ நகைக்கடை இலவசமாகக் கொடுத்தது, ஐந்து மாதம் ஏற்கெனவே வெற்றுத் தாளாகப் போய்விட்டது. தினமும் எழுத வேண்டுமாம். என்ன எழுதுவது என்று கேட்டேன். "யாரை அடிக்கணும்னு தோணுச்சோ அதை எழுதுங்க" என்றார். அப்படியானால் முதல் பெயர் அவருடையதுதான்.

என் பெயர் தேசம்மா. வயது முப்பத்தாறு. பத்தாவது வரை படித்தேன், கையெழுத்துக்குப் பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது காசிமேட்டுப் பக்கம் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறேன். புருஷன் எண்ணூரில் வேறொருத்தியோடு இருக்கிறான், அவனைப் பற்றி எழுதி மையை வீணாக்கப் போவதில்லை. ஒரே மகள் மோனிஷா, பத்து வயது. போன மாதத்திலிருந்து அவள் என் நாத்தனார் சகுந்தலா வீட்டில் இருக்கிறாள். குழந்தைகள் நலக் குழு என்று ஒன்று இருக்கிறது, அவர்கள்தான் அங்கே விட்டார்கள். மோனியின் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கதவைச் சாத்தும்போது கை நடுவில் மாட்டிக்கொண்டது. இதை நான் பதினைந்து பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

குழு சொன்னபடி எட்டு சனிக்கிழமை இந்த டான்ஸ் வகுப்புக்கு வர வேண்டும். நாத்தனாரும் சம்மதம் சொல்ல வேண்டும். ஜூலை 30ஆம் தேதி குழு கூப்பிடும்போது இரண்டும் சரியாக இருந்தால் மோனி வீட்டுக்கு வருவாள். கோபக்காரிக்கு டான்ஸ் வைத்தியமாம். மாத்திரை என்றாலாவது விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இன்று சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்த்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

மீன்பிடித் தடை இன்னும் முடியவில்லை. வேலை இல்லை. சுவரை ஒரு குத்து குத்தினேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 15, சனி

சமுதாயக் கூடத்தின் கீழ்த்தளத்தில் வகுப்பு. பெண்கள் ஒன்பது பேர். பாட்டுப் பெட்டி ரிப்பேர் என்று ஜெசிந்தா மேடம் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் தாளம் தட்டினார். இருபது வருடம் மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம். முட்டி வலிக்கிறது என்று அவர் ஆடவில்லை, ஸ்டூலில் குந்திக்கொண்டு எங்களை ஆட வைக்கிறார். நல்ல வேலைதான்.

எல்லோரும் அழகாகக் கையை ஆட்டினார்கள். நான் மரம் மாதிரி நின்றேன்.

"கையை விடுங்க. தரையை மிதிங்க" என்றார்.

"மிதிச்சா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாது. தரை உங்க மேல கேஸ் குடுக்காது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மிதித்தேன். வாளித் தாளத்துக்குத்தான் மிதித்தேன், ஆனால் மிதித்தது யாரை யாரையோ. என் புருஷன் மூஞ்சியை மிதித்தேன். வாடகை கேட்டு வந்து கத்துகிறவனை மிதித்தேன். தடைக்காலத்தில் காலிப் பானையைக் கழுவிக் கழுவி வைத்த இரண்டு மாதத்தையும் மிதித்தேன். பக்கத்தில் இருந்த நஸ்ரீன் என்ற பெண் பயந்து தள்ளிப் போய்விட்டாள். குதிகால் சிவந்துவிட்டது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். மே மாதத்துக்குப் பிறகு இப்படித் தூங்கியதே இல்லை. மேடத்திடம் சொல்லப் போவதில்லை, தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

ஜூன் 18, செவ்வாய்

படகுகள் திரும்பிவிட்டன. மார்க்கெட் முழுக்க சங்கரா மீனும் பாறை மீனும். காலையில் என் முதல் ஆள், ஒரு கிலோ சங்கராவை என் பலகையில் வைத்தவன், நான் கத்தியை எடுப்பதற்குள் மீனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பலகைக்குப் போய்விட்டான். பக்கத்தில் வெட்டுகிற பொற்கொடி கண்ணைக் காட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். போணியைப் பறிப்பவளைச் சும்மா விட முடியுமா? கூடையில் இருந்த மீன்குடலை அள்ளி அவள் முகத்தில் அடித்தேன். கொண்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சாக்கடையில் விழுந்தோம். அவள் என் முழங்கையைக் கடித்தாள், பல் இறங்கி ரத்தம் வந்தது. நான் அவள் தலையைப் பலகை விளிம்பில் மோதினேன். நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள்.

கத்தியை நான் எடுக்கவில்லை. அதையும் எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு பொற்கொடியே டீ வாங்கி வந்தாள். நெற்றியில் முட்டை மாதிரி வீக்கம். "ஒரு ஊசி போட்டுக்கினு வா தேசக்கா. என் பல்லு நல்ல பல்லு இல்ல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் மார்க்கெட்டில் சண்டை டீக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

மோனி விஷயம் மட்டும் எந்த டீயிலும் முடியவில்லை.

ஜூன் 22, சனி

கோபம் உடம்பில் எங்கே ஆரம்பிக்கிறது என்று மேடம் கேட்டார். எல்லோரும் தலை, நெஞ்சு என்று சொன்னார்கள். நானும் தலை என்றேன். "நடந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

வாளித் தாளத்துக்கு மெதுவாகச் சுற்றி நடந்தோம். நடந்துகொண்டே பொற்கொடி என் ஆளைக் கண்ணைக் காட்டிக் கூப்பிட்டதை நினைத்துப் பார்த்தேன். முதலில் இடது குதிகால் தரையை விட்டு எழும்புகிறது. அப்புறம் கெண்டைக்கால் இறுகுகிறது, அது முதுகில் ஏறிப் பிடரிக்கு வருகிறது. கை கடைசியாகத்தான் தெரிந்துகொள்கிறது. இவ்வளவு நாளும் என் கை தானாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எழும்புச்சுன்னா குதிகாலைக் கீழே வைங்க. அழுத்தி வைங்க. அவ்வளவுதான் என் வைத்தியம்" என்றார் மேடம். அப்புறம் பிஸ்கட் தின்னப் போய்விட்டார்.

ஜூன் 23, ஞாயிறு

சகுந்தலா வீட்டுக்குப் போனேன். இறால் வறுத்து எடுத்துப் போயிருந்தேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசப்படியிலேயே நின்றாள். போலீஸ் கெட்டது.

"பத்து நிமிசம் அண்ணி. நான் இங்கதான் இருப்பேன்."

மோனி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். கையில் மாவுக்கட்டு, அதில் யாரோ பூ வரைந்திருந்தார்கள். இறாலை நீட்டினேன். வாங்கவில்லை. "கை வலிக்குதாடி?" என்று கேட்டுக் கட்டைத் தொடப் போனேன். நல்ல கையால் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள்.

நான் தொடத்தான் போனேன். தொடத்தான்.

ஜூன் 29, சனி

இன்று உடம்பை உதற வேண்டும். விரலில் ஆரம்பித்துத் தோள், இடுப்பு, கடைசியில் தலை. தாளம் ஏறிக்கொண்டே போனது. எனக்குக் கொண்டை அவிழ்ந்தது தெரியாது. குரல் எப்போது வந்தது என்றும் தெரியாது. வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வெளியே வந்தது, பன்றி மாதிரி கத்தினேன் என்று நஸ்ரீன் பிறகு சொன்னாள். தரையில் விழுந்து அழுதேன். அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. மேடம் தாளத்தைக் குறைத்துக் குறைத்து என்னை மூச்சுக்குக் கொண்டுவந்தார். எழுந்தபோது உடம்பு தக்கையாக இருந்தது.

நிமிர்ந்தால் ஜன்னலில் பொற்கொடி. மார்க்கெட்டில் நான் விட்டுவந்த வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்திருக்கிறாள். சாவியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துக் கும்பிட்டாள். திரும்பி மார்க்கெட் பக்கம் ஓடினாள்.

ஜூலை 1, திங்கள்

நாசமாய்ப் போனாள். மார்க்கெட் முழுக்க எனக்கு அங்காளம்மன் வந்துவிட்டதாகச் சொல்லிவைத்திருக்கிறாள். காலையில் என் பலகையில் வேப்பிலைக் கொத்தும் எலுமிச்சம்பழமும். ஐஸ் கடைக்காரர் என்னைப் பார்த்து பீடியை மறைக்கிறார்.

"ஏய், அது டான்ஸ் கிளாஸு. அல்லாரும்தான் ஆடுனாங்க" என்றேன்.

"அல்லாரும் ஆடலாம் தாயி. உனக்குத்தான வந்துச்சு" என்றாள். இரண்டு வாரம் முன்னால் என்னைக் கடித்த வாய்.

மூன்று பேர் குறி கேட்டார்கள். ஒருத்திக்கு மாப்பிள்ளை எப்போது அமைவான் என்று தெரிய வேண்டுமாம். எனக்கே அமைந்த லட்சணம் அவளுக்குத் தெரியாதா?

ஜூலை 4, வியாழன்

இன்று எனக்கு யாரும் போணியைப் பறிக்கவில்லை. சாமியாக இருப்பதும் வசதிதான்.

ஜூலை 7, ஞாயிறு

சகுந்தலா போன் செய்தாள். இரண்டு மாதத்தில் அவளாகச் செய்த முதல் போன். குரலே மாறியிருந்தது.

"அண்ணி, உங்க மார்க்கெட்டு பொற்கொடி சொன்னா. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். நீ அவ்ளோ மோசமானவ இல்ல. அன்னிக்கும் உன்மேல ஆத்தாதான் வந்துக்கீறா. ரெண்டு வருசமா கூழு ஊத்தல இல்ல, அந்தக் கோவம். அதான் புள்ள மேல எறங்கிட்டா."

கதவு என்று நான் மறுபடி சொல்லவில்லை. மாட்டிக்கொண்ட கதவு என்ன ஆனது என்று அவளும் கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி எங்கள் தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள். அன்று அம்மன் முன்னால் நான் ஆடி, பிள்ளைமேல் இனிக் கை வைக்க மாட்டேன் என்று சாமி வாக்குக் கொடுத்துவிட்டால், முப்பதாம் தேதி குழுவில் சம்மதம் சொல்லிவிடுவாளாம். "சாமி வாக்கு குட்த்தா அதுக்கு மேல இன்னா வேணும்? புள்ள உன்னுது. கூட்டிக்கினு போ."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று குதித்தேன். மோனிக்கு ஒரு புதுப் பாய் வாங்க வேண்டும்.

ஜூலை 13, சனி

இரண்டு இரண்டு பேராக நிற்க வேண்டும். ஒருத்தி செய்வதை எதிரில் இருப்பவள் கண்ணாடி மாதிரி செய்ய வேண்டும். எனக்கு நஸ்ரீன். இருபத்திரண்டு வயது, புருஷன் அடித்துத் தாடை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. வகுப்பில் பேசவே மாட்டாள். நான் காலை எடுத்து வைத்தால் அவளும் வைத்தாள். தோளை ஆட்டினேன், ஆட்டினாள். மெல்லச் சிரிக்கக்கூடச் செய்தாள். வாளித் தாளம் கொஞ்சம் வேகமெடுத்தது. நான் வலது கையை மேலே தூக்கினேன்.

அவள் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள்.

அப்படியே மோனி. முழங்கை இருந்த கோணம்கூட அதேதான்.

"ஒண்ணும் இல்லக்கா. பழக்கம்" என்று எழுந்து நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க இன்னா பண்ணீங்க, கையத்தான தூக்குனீங்க" என்றாள். அவளுக்கு என்னைப் பற்றித் தெரியாது. நானும் புருஷன் அடித்துத்தான் இங்கே வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.



ஜூலை 14, ஞாயிறு

கதவு இல்லை.

மே 11ஆம் தேதி. தடைக்காலம், கையில் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து இரண்டு பேரும் கஞ்சித் தண்ணி. மோனி என் போனை எடுத்து அவள் அப்பாவுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "என்னையும் அங்க கூட்டிக்கினு போப்பா, அம்மா சோறு போட மாட்டேங்குது" என்றாள். நான் மூலையில் இருந்த மரக்கட்டையை எடுத்தேன். பெரிய மீனின் நடுமுள் அறுபடுவதற்காகக் கத்திமேல் தட்டுவோமே, அந்தக் கட்டை. போன் பிடித்திருந்த கைமேல் அடித்தேன். போன் விழுந்தது. அவள் கத்தவில்லை, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள்.

அப்போது எனக்குக் கோபம் போய்விட்டிருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. தலை தெளிவாக இருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது காதில் விழுந்தது. கையைத் தரையில் வை என்று சொன்னேன். வைத்தாள். சொன்னால் கேட்கிற பிள்ளை அவள். இரண்டாவது தடவை அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரியும், தினமும் கேட்கிறவள்.

முதல் அடிக்குச் சாமியைச் சொல்லலாம், பசியைச் சொல்லலாம், அந்த எண்ணூர்க்காரனைச் சொல்லலாம். இரண்டாவதற்கு யாரைச் சொல்வது?

கட்டை இப்போதும் மூலையில்தான் இருக்கிறது. நாளைக்கு அதை வைத்துத்தான் சுறா வெட்டப் போகிறேன்.

ஜூலை 20, சனி

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மேடத்திடம் சாமி விஷயத்தைச் சொன்னேன். இரண்டாவது அடியைச் சொல்லவில்லை. வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு சாமியாட்டம் பத்தித் தெரியாதும்மா. நாலு பேருக்கு அதுலயும் மனசு லேசாவுது, பாத்திருக்கேன். நான் கேக்குறது ஒண்ணுதான். உங்க பொண்ணு வீட்டுக்கு வந்த பிறகு உங்க குதிகால் எழும்பினா, அதைக் கீழே வைக்கப்போறது யாரு?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கேள்வி கேட்பது சுலபம். முட்டி வலிக்காரிக்குப் பிள்ளையா குட்டியா?

ஜூலை 24, புதன்

பாய் வாங்கிவிட்டேன். பச்சை நிறம். மோனிக்குப் பிடிக்கும்.

ஜூலை 29, திங்கள்

உதடு கிழிந்திருக்கிறது. இடது கண் திறக்கவில்லை. வலது கை நன்றாக இருப்பதால் எழுதுகிறேன்.

நேற்று கூழ். தெரு முழுக்கப் பந்தல், அண்டா அண்டாவாகக் கூழ், வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும். என்னை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, மஞ்சள் சேலை கட்டி அம்மன் முன்னால் நிறுத்தினார்கள். மார்க்கெட்டே வந்திருந்தது. பொற்கொடி கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றாள். சகுந்தலா மோனியைக் கூட்டி வந்தாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு குச்சியாக, ஒரு பக்கம் லேசாக வளைந்து இருந்தது. இனி அது நேராகாது.

பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். வாளித் தாளத்துக்கே ஆடியவள் நான். பம்பைச் சத்தம் விலா எலும்புக்குள் போய் அடித்தது. பொய்யாக ஆட வேண்டிய தேவையே இல்லை, உடம்பு தானாகக் கிளம்பியது. தோள் உதறியது, கொண்டை அவிழ்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். இன்னும் நாலு சுற்று ஆடினால் போதும், செவ்வாய்க்கிழமை மோனி பச்சைப் பாயில் படுத்திருப்பாள். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

சகுந்தலா மோனியை என் முன்னால் தள்ளினாள். "தாயே, இந்தப் புள்ள மேல இனி எறங்க மாட்டேன்னு வாக்கு குடு."

மோனி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அத்த, அன்னிக்கு அடிச்சது சாமியா?"

"ஆமா கண்ணு. அம்மா இல்ல. சாமிதான்."

மோனி அம்மன் சிலையைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்துக் கேட்டாள். "நான் சாமிக்கு இன்னா பண்ணேன்?"

பம்பை அடித்துக்கொண்டுதான் இருந்தது. என் இரண்டு குதிகாலையும் தரையில் வைத்தேன். அழுத்தி வைத்தேன். உடம்பு நிற்க மாட்டேன் என்று உதறியது, பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். வகுப்பில் எத்தனையோ ஆடியிருக்கிறேன், நிற்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியாது.

"பம்பைய நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார்கள், சாமி சொன்னதாக நினைத்து.

"எனக்குச் சாமி வரல. என்னிக்கும் வந்ததில்ல. அன்னிக்கு அடிச்சது நான். கட்டையால அடிச்சேன். மொத அடி கோவத்துல. ரெண்டாவது அடி கோவம் போன பொறவு, கைய வெக்கச் சொல்லி அடிச்சேன். மோனி ஒண்ணும் பண்ணல. சாமிக்கும் பண்ணல, எனக்கும் பண்ணல."

சகுந்தலா முதலில் அறைந்தாள். உதடு கிழிந்தது. பொற்கொடி தட்டைக் கீழே எறிந்துவிட்டு என் முடியைப் பிடித்தாள். "ஆத்தா பேர வெச்சி அல்லாரையும் ஏமாத்துனியாடி? உன்ன கையெடுத்துக் கும்புட்டேனேடி" என்று தலையைப் பந்தல் கம்பத்தில் மோதினாள். பின்னால் யார் யார் அடித்தார்கள் என்று தெரியாது. யாரோ முதுகில் உதைத்தார்கள். கரண்டியால் ஒருத்தி கண்ணோரம் அடித்தாள், கொதிக்கிற கூழ் கன்னத்தில் தெறித்தது. மஞ்சள் சேலை முழுக்க என் ரத்தம்.

பொற்கொடியின் கழுத்து என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இடது குதிகால் எழும்பியது, எனக்குத் தெரிந்தது. கீழே வைத்தேன். மறுபடி எழும்பியது, மறுபடி வைத்தேன். நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்களுக்குப் பைத்தியம் ஆடுகிற மாதிரி இருந்திருக்கும். என் கை இரண்டும் கீழேயே தொங்கின. கோயில்காரர்கள் வந்து விலக்கும்வரை தொங்கின.

கூட்டம் விலகிய பிறகு மோனி அங்கேயே நின்றிருந்தாள். சகுந்தலா அவளை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாள், அவள் அசையவில்லை. என் கிட்டே வந்தாள். ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"நான் உன்கூட வரல" என்றாள்.

தலையைப் பொத்தவில்லை. குந்தவில்லை. இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் மாட்டேன் என்று சொன்னதே இல்லை.

"சரி" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவ்வளவு அழுதேன். நாளைக்குக் குழு கூப்பிட்டிருக்கிறது. அங்கேயும் போய் இரண்டு அடியையும் சொல்வேன். மோனி வர மாட்டேன் என்கிறாள், அவள் பேச்சைக் கேளுங்கள், அனுப்பாதீர்கள் என்றும் சொல்வேன்.